வன்னியில் ஆசிரியராக இருந்துகொண்டு நத்தாருக்குத் தயாராவது: முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானை அடுத்த ஒரு கிராமத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே ஆறு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், கொண்டாடியாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டிலிருந்தோ லண்டன், ரொறன்ரோவிலிருந்தோ ஒருவர் இருவர் படிப்பிக்க வருவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். நட்சத்திரத்தையும் கேக்கையும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். திகதியையும் தலைக்கணக்கையும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் திகதி, அடுத்து தலைக்கணக்கு, அப்புறம்தான் பண்டம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. ஐப்பசி (அக்டோபர்) முடியுமுன் திகதிகளைக் கேட்டு எழுதுங்கள்

ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூன்று பேரிடம் போங்கள்: உங்கள் பள்ளி அதிபர், பங்குச் சுவாமி (கத்தோலிக்கக் குரு) அல்லது சபைப் போதகர், பக்கத்து வீட்டில் வயதான ஒருவர். மூவரிடமும் ஒரே கேள்வி. கார்த்திகையிலும் மார்கழியிலும் இந்த ஊரில் எந்தெந்த நாளில் என்ன நடக்கும்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இலங்கைத் தமிழர் பேச்சில் "மார்கழி பத்து" என்றால் பெரும்பாலும் டிசம்பர் 10. நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் மார்கழி 10 என்பது டிசம்பர் 25ஐ ஒட்டி வரும். முதல் ஆண்டு, பள்ளி நத்தார் விழாவான ஒளிவிழா மார்கழி பத்து என்று சொன்னார்கள். நத்தார் அன்றே விழா வைக்கிறார்கள் போல என்று நினைத்து இரண்டு வாரம் சும்மா இருந்தேன். டிசம்பர் 9ஆம் திகதி மாலை பிள்ளைகள் வந்து "ரீச்சர், நாளைக்கு எங்கட பாட்டு எத்தனையாவது?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. ஆகவே திகதியோடு கிழமையையும் கேட்டு எழுதுங்கள். கிழமை சேர்ந்தால் குழப்பம் வராது.

கொப்பியில் கட்டாயம் இருக்க வேண்டிய நாட்கள் சில உண்டு.

நவம்பர் 27 மாவீரர் நாள், போரில் இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் நாள். அந்த வாரம் முழுவதும் வன்னியில் பல வீடுகளில் துக்கம் இருக்கும். அந்த நாட்களில் பாட்டுப் பயிற்சி, மின்விளக்கு, நட்சத்திரம் எதுவும் வேண்டாம். யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த வீட்டில் ஒரு தாய் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது நம் வீட்டில் மணிச்சத்தம் கேட்கக் கூடாது.

கார்த்திகை விளக்கீடும் பிள்ளையார் பெருங்கதையும் அடுத்தவை. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பெருங்கதை விரதம். சில ஆண்டுகளில் அது நத்தாருக்கு முன்பே முடியும். சில ஆண்டுகளில் நத்தாரையும் தாண்டிப் போகும். திருவெம்பாவைப் பத்து நாளும் இதையொட்டியே வரும். ஏன் இது முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

பௌத்தரின் பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் குறியுங்கள். பௌர்ணமி போயா அன்று இறைச்சிக் கடை திறக்காது. 2023இல் டிசம்பர் 26ஆம் திகதியே போயா. இப்படி நத்தாரை ஒட்டி வந்தால் இறைச்சியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

2. தலைக்கணக்கு: யார் எதைச் சாப்பிடுவார்கள்

என் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் சைவ சமயத்துப் பிள்ளைகள். மன்னார், வவுனியாப் பக்கமும் முல்லைத்தீவில் சில ஊர்களிலும் முஸ்லிம் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். ஒளிவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள், எல்லாரும் பாடுவார்கள். ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட முடியாது.

முதல் நத்தாருக்கு முட்டை போட்ட கேக் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி துண்டை வாங்கினாள், நன்றி சொன்னாள். ஓரமாகப் போய் அதைத் தாளோடு நாலாக மடித்துப் பையின் பக்கத்துச் சிறு அறைக்குள் வைத்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "இல்லை ரீச்சர், நான் பெருங்கதை விரதம். அம்மம்மாவும் விரதம். தம்பிக்குக் கொண்டுபோறன்." திரும்பிப் பார்த்தால் இன்னும் ஏழெட்டுப் பேர் கையில் கேக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுக்க மனமில்லாமல் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு விழாவில் அவர்கள் ஒன்றுமே சாப்பிடவில்லை.

அதிலிருந்து டிசம்பர் முதல் வாரத்திலேயே கணக்கு எடுத்துவிடுகிறேன். கொப்பியில் மூன்று வரிசை: முட்டை சேர்ப்பவர், மரக்கறி மட்டும், ஹலால். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். விரதம் வீட்டு விஷயம். தனித்தனியாகக் கேளுங்கள், அல்லது வகுப்புத் தலைவியிடம் விடுங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு கிலோ சீனிகூட வாங்காதீர்கள்.

3. வாங்குவது: ஒரே சொல், வேறு பண்டம்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கடையில் தமிழில்தானே கேட்கப்போகிறோம் என்று நம்பிப் போவார்கள். அங்கேதான் சிக்கல்.

முந்திரி என்று கேட்டால் திராட்சை என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இங்கே முந்திரிகை என்பது திராட்சை. நமக்கு வேண்டிய பருப்புக்கு கஜு என்று கேளுங்கள். காய்ந்த திராட்சைக்கு முந்திரிகை வத்தல், பல கடைகளில் பிளம்ஸ். சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி. கோதுமை மா என்றால் நம் மைதா. சப்பாத்தி மாவுக்கு ஆட்டா மா. ஆரஞ்சு தோடம்பழம், எலுமிச்சை தேசிக்காய். நான் முதல் முறை கஜுவுக்குப் பதில் ஒரு கிலோ முந்திரிகை வத்தலோடு வீடு வந்தேன், அதுவும் மழையில் பஸ் ஏறி.

வத்தல், கஜு, வெண்ணெய், எசன்ஸ் எல்லாம் சின்னக் கடைகளில் இராது. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் போய்வாருங்கள். நாள் போகப் போக மழையும் கூடும், விலையும் கூடும், நல்ல சரக்கும் தீரும்.

வீட்டிலிருந்து பார்சல் வரும் என்று எண்ணி எதையும் திட்டமிடாதீர்கள். கொழும்பில் சுங்கத்தைத் தாண்டி வர எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சென்னை–பலாலி விமானம் சிறியது, கொண்டுவரும் எடை குறைவு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை மழைக்காலத்தில் நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து ஒரே ஒரு பொருள் கேட்டு வாங்குவதானால், அம்மா கையால் எழுதிய ஒரு கடிதத்தைக் கேளுங்கள். 25ஆம் திகதி காலையில் அதுதான் உதவும்.

புதுத்துணி தைக்கக் கொடுப்பதானால் நவம்பர் நடுவிலேயே கொடுங்கள். டிசம்பரில் தையல்காரர்கள் கை ஓயாது.

4. கேக்கும் பலகாரமும்

இங்கே நத்தார் கேக் ரவையில் செய்வது. நம் ஊர் பிளம் கேக்கை அப்படியே செய்யப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டால் அவரே வந்து கிண்டித் தருவார். ஏறக்குறைய 60 சின்னத் துண்டுக்கு நான் போடும் அளவு: ரவை 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், சீனி 350 கிராம், முட்டை 10, முந்திரிகை வத்தல் 500 கிராம், பேரீச்சம்பழம் 250 கிராம், கஜு 250 கிராம், சீனிப்பாகில் போட்ட பூசணி 250 கிராம், கொஞ்சம் இஞ்சிப்பாகு, ஏலம், கறுவா, பன்னீர்.

முதல் நாள்: வத்தலையும் பேரீச்சையையும் பொடியாக வெட்டித் தோடம்பழச் சாற்றில் ஊற வையுங்கள். பலர் பிராந்தி விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் கேக்கில் அது வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் சாப்பிடுவது, முஸ்லிம் வீடுகளுக்கும் போகக்கூடியது. ரவையை இலேசாக வறுத்து, இளஞ்சூட்டில் வெண்ணெயோடு கலந்து மூடி வையுங்கள். இரவு முழுக்க ஊறினால்தான் கேக் வாயில் நறநறக்காது. அவசரப்பட்டு இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

இரண்டாம் நாள்: முட்டை மஞ்சளையும் சீனியையும் நன்றாக அடித்து, ரவைக் கலவை, பழம், கஜு, வாசனை என்று வரிசையாகச் சேருங்கள். வெள்ளையில் பாதியை மட்டும் நுரைக்க அடித்து கடைசியில் மெதுவாகக் கிளறினால் போதும். தட்டில் இரண்டு மூன்று அடுக்குத் தாள் போட்டு, 150 பாகையில் இரண்டு மணி நேரம்வரை மெல்லச் சுட வேண்டும். சூடு கூடினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

வீட்டில் கேக் சுடும் அடுப்பு இல்லாதவர்கள் பக்கத்து வெதுப்பகத்தில், அதாவது பேக்கரியில், கேளுங்கள். பாண் எடுத்தபிறகு அடுப்பின் சூடு தணிந்திருக்கும் நேரத்தில் வைத்துத் தருவார்கள். ஆனால் 20ஆம் திகதிக்குப் பிறகு அவர்களுக்கே தலைக்குமேல் வேலை. 15 அல்லது 16 என்று நாள் பேசிக்கொள்ளுங்கள். ஒளிவிழா முந்தி வந்தால் தவிர, அதற்கு முன்னும் வேண்டாம். பிராந்தி இல்லாத கேக், மழைக்காலத்து ஈரக்காற்றில் நெடுநாள் நிற்காது. நன்றாக ஆறியபின் வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள ரின்னில் வையுங்கள். சூட்டோடு சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

மரக்கறிக்காரர்களுக்கு என் தேர்வு பயத்தம் உருண்டை. அரைக்கிலோ பயறை வாசம் வர வறுத்து மாவாக்குங்கள். பாதித் தேங்காயைத் துருவி, ஈரம் போய்ப் பொன்னிறமாகும்வரை தனியாக வறுங்கள். 300 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்து, வடித்து, பாகாக்கி, எல்லாவற்றையும் ஏலமும் மிளகும் சேர்த்துச் சூட்டோடு உருட்டுங்கள். தேங்காயில் ஈரம் இருந்தால் மூன்றாம் நாளே சிக்கு வாடை வரும். மா கரைசலில் தோய்த்துப் பொரித்தால் அது பயத்தம் பணியாரம். இன்னும் சில நாள் கூட நிற்கும்.

உருண்டைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. முட்டை அடித்த சட்டியில் மா கிளறிவிட்டு மரக்கறி என்று கொடுக்கக் கூடாது. விரதகாரர் நம்மைக் கேட்கமாட்டார்கள், நம்பித்தான் வாங்குவார்கள். கேக்கையும் உருண்டையையும் ஒரே அளவுப் பொட்டலமாக, இரு நிறத் தாளில் சுற்றுங்கள். யாருக்கும் குறைவாகக் கிடைத்ததுபோல் தோன்றக் கூடாது.

5. குடில், நட்சத்திரம், மரம்

குடிலை வீட்டுக்குள்ளோ நல்ல தாழ்வாரத்திலோ வையுங்கள். முற்றத்தில் பெரிதாகக் கட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். வடகீழ்ப் பருவமழை டிசம்பரில்தான் இங்கே கொட்டும். 2018இல் டிசம்பர் 21, 22 ஆகிய நாட்களில் பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கி, நத்தாருக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் போய்த் தங்கின. மழையை மனதில் வைத்தே எல்லாவற்றையும் கட்டுங்கள்.

கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலை. வைக்கோலுக்கு மாடு வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டிசம்பரில் பெரும்போக நெல் வயலில் பச்சையாக நிற்கும். வைக்கோல் போன அறுவடையில் மிஞ்சியதுதான், அதுவும் மாட்டுக்குத் தேவை. ஒரு கட்டுக்கு மேல் கேட்காதீர்கள்.

நட்சத்திரக் கூட்டுக்கு மூங்கில் சிம்பும் ஈர்க்கும் போதும். ஒட்டுவது கண்ணாடித்தாளாக இருக்கட்டும். ரிசு (டிஷ்யூ) தாளில் ஒட்டிய நட்சத்திரம் முதல் மழைக்கே கரைந்து, சாயம் சுவரில் வழியும். உள்ளே வைக்கும் பல்புக்கு வயரின் இணைப்பு வெளியே மழை படும் இடத்தில் வரக் கூடாது.

மரம் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அழகான கிளை தெரிகிறது என்று தெரியாத புதர்ப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை மழையும் செடியும் மறைத்திருக்கலாம். பிள்ளைகளை "போய் ஒரு கிளை வெட்டி வாங்கோ" என்று ஒருநாளும் அனுப்பக் கூடாது. வீட்டு வேலியில் நிற்கும் சவுக்கில் ஒரு கிளையை, வீட்டுக்காரரைக் கேட்டு வெட்டுங்கள். அதை மண் நிரப்பிய வாளியில் நட்டுத் தண்ணீர் விட்டால் பத்து நாள் பச்சை மாறாது.

6. ஒளிவிழா

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் நத்தார் விழாவுக்கு வடக்கு, கிழக்கில் ஒளிவிழா என்று பெயர். விடுமுறைக்கு முன் வைத்துவிடுவார்கள். பள்ளி நாள்காட்டி சில ஆண்டுகளாக மாறி மாறி வருவதால் போன ஆண்டுத் திகதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

விளக்கேற்றல், வரவேற்புரை, பாட்டு, பாலன் பிறப்பு நாடகம், ஆசியுரை, நத்தார் தாத்தா, பரிசு. ஒழுங்கு ஏறக்குறைய இதுதான். வெளியிலிருந்து வந்த ஆசிரியரிடம் பெரும்பாலும் ஓர் ஆங்கிலப் பாட்டையும் நாடகத்தையும் ஒப்படைப்பார்கள். பாட்டு நாலு வரிச் சரணம் இரண்டு போதும். மாவீரர் நாள் வாரத்தைத் தவிர்த்து மூன்று வாரப் பயிற்சி, நாளுக்கு இருபது நிமிடம். கரண்ட் போகும் என்று எண்ணி, ஒலிவாங்கி இல்லாமல் பாடவும் பழக்குங்கள்.

நாடகத்தில் வேடம் கொடுக்கும்போது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் சூசையப்பராக மிக நன்றாக நடித்தவன் ஒரு சைவப் பிள்ளை. ஆனால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எழுத்துப் பயிற்சியில் கவனம். லண்டனிலிருந்து வந்த ஒரு தம்பி "நத்தாருக்கு அப்பா தந்த பரிசு" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தார். நல்ல பிள்ளை, ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வகுப்பில் ஆறு பேர் பேனாவை மூடிவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு, அப்பா வெளிநாட்டில் கூலி வேலை செய்யும் வீடு, காணாமற்போன மாமாவை இன்றும் தேடும் வீடு என்று இங்கே பல உண்டு. "எங்கள் வீட்டில் மழைக்காலம்" என்று தலைப்பு வைத்தால் எல்லாரும் எழுதுவார்கள்.

பரிசு கொடுக்க விரும்பினால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அப்பியாசக் கொப்பியும் பேனாவும். கெட்டிக்காரருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று வேண்டாம். அதிபரிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

7. கரோல் இரவுகள்

பங்கு இளையோர் வீடு வீடாகப் பாடப் போவார்கள். கூப்பிட்டால் போங்கள், ஊர் பழக இதைவிட நல்ல வழி இல்லை. பூட்ஸ் வேண்டாம், செருப்பும் ரோர்ச்சும் குடையும் போதும். பாம்பு நடமாடும் காலம், வெளிச்சத்தைக் காலடியில் பிடியுங்கள்.

வெடி கொளுத்தும் இடத்தில் முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள். 2009இன் இறுதிப் போர்ச் சத்தத்தைக் கேட்டவர்கள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தர் முதல் வெடிக்கே பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே குனிந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் குழு வெடி கொண்டுபோவதில்லை.

8. 24 இரவும் 25ஆம் திகதியும்

ஒரு சுவாமி பல கோவில்களைப் பார்ப்பதால் எல்லாக் கோவிலிலும் நள்ளிரவிலேயே பூசை இராது. எங்கே, எத்தனை மணிக்கு என்று 20ஆம் திகதியளவில் கேளுங்கள். திரும்பி வர வாகனத்தையும் அன்றே பேசுங்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பெருவிழாக்களில் வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். பை இல்லாமல் போனால் வரிசையில் நிற்க வேண்டாம்.

25 காலையில் தட்டுகள் போகும், வரும். சைவ வீட்டுக்கு உருண்டையும் வாழைப்பழமும். கேக் தட்டு வேறு. அவர்கள் தைப்பொங்கலுக்குப் புக்கை, அதாவது பொங்கல், அனுப்புவார்கள். உங்களிடம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பாதீர்கள், ஒரு கைப்பிடி சீனியாவது வையுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டு நினைவு கனமாக இறங்குவது அந்த நேரத்தில்தான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் பூசை முடிந்ததும் அம்மாவிடம் பேசலாம். ரொறன்ரோக்காரர்கள் மாலை ஐந்தரைக்கு எடுத்தால் அங்கே காலை ஏழு.

9. டிசம்பர் 26

அன்றைக்கு எந்தக் கொண்டாட்டமும் வைக்காதீர்கள். 2004இல் அந்தக் காலையில் கடல் முல்லைத்தீவைக் கொண்டுபோனது. ஒவ்வோர் ஆண்டும் 9.25 முதல் 9.27 வரை இரண்டு நிமிட மௌனம். நத்தாருக்குப் போட்ட புதுச்சட்டையோடு போன பிள்ளைகளின் தாய்மார் அன்றைக்குக் கடற்கரையிலும் நினைவிடத்திலும் இருப்பார்கள். பழகிய வீட்டார் கூப்பிட்டால் கூடப் போய் நில்லுங்கள். பாட்டுப் பெட்டி, மின்விளக்கு எல்லாம் அன்று அணைந்திருக்கட்டும்.

10. எடுத்து வைப்பது

குடிலை ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சி விழாவரை விடலாம். பிறகு உருவங்களைத் துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, நிலத்தில் படாமல் மேசைமேல் வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்துச் சுவரோரம் தள்ளினால் அடுத்த கார்த்திகைக்குள் கறையான் முடித்துவிடும். என் முதல் குடிலின் மூன்று இராசாக்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வைக்கோலை மாட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். தலைக்கணக்குக் கொப்பியையும் அந்த வாளிக்குள்ளேயே போடுங்கள், உங்களுக்குப் பிறகு வரும் ஆசிரியர் தேடாமல் எடுப்பார்.